ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தது?

'சூரரைப் போற்று' (2020) வந்ததிலிருந்து எங்க பரவை பக்கம் ஒரு பெருமை. கதாநாயகன் நெடுமாறன் சோழவந்தான்காரர், அதாவது நமக்குப் பக்கத்து ஊர். நிஜத்தில் அந்தக் கதையின் மூலவர் கர்நாடகாவின் கொரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத். அவருடைய ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. படம் வெற்றியில் முடிகிறது. கணக்குப் புத்தகம் அங்கே முடியவில்லை.

முதல்ல, ஒரு ரூபாய் டிக்கெட் எப்படிக் கட்டுபடியாகும்? பரவை காய்கறி மார்க்கெட்டை நினைச்சுக்கோங்க. வெயில் ஏற ஏற, விற்காத தக்காளியின் விலை இறங்கும். விமானத்தின் காலி சீட்டும் அழுகும் சரக்குதான்; கதவை மூடியதும் அதன் மதிப்பு பூஜ்யம். அதனால் கொஞ்சம் சீட்டுகளை முன்கூட்டியே அடிமாட்டு விலைக்குக் கொடுத்து ஆளை இழுத்து, மீதியைக் கூடுதல் விலைக்கு விற்று சராசரியைப் பிடிக்கலாம்.

சிக்கல் என்னன்னா, அந்தச் சராசரி செலவுக்கு மேலே நிற்கணும். எரிபொருளுக்கு மாநில விற்பனை வரி உண்டு. விமான வாடகை டாலரில். இரண்டுமே நாம டிக்கெட்டைக் குறைச்சோம் என்பதற்காகக் குறையாது. போட்டியாளர்களும் விலையைக் குறைக்க, ஏர் டெக்கானின் நஷ்டம் ஏறியது. 2007ல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் அதன் 26 சதவீதப் பங்கை சுமார் 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

ஏன் வாங்கினார்? உள்நாட்டில் ஐந்து வருஷம் பறந்த கம்பெனிதான் வெளிநாடு போகலாம் என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் பிறந்தது 2005ல். ஏர் டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வயசு முடிந்தது. அடுத்த மாதமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. ஆனால் அந்த ஜூலையில்தான் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டிருந்தது. கிங்ஃபிஷர் ஒரு வருஷம்கூட லாபம் பார்க்கவில்லை. 2012 அக்டோபரில் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்போது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக்கூட நிறுவனம் அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தது. அதாவது கைக்கும் வரலை, கணக்குக்கும் போகலை.

இனி மேல்மாடி. 2016 பிப்ரவரியில், அதே மல்லையா யுனைடெட் ஸ்பிரிட்ஸ் தலைவர் பதவியிலிருந்து விலக, டியாஜியோ 7.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 4 கோடி டாலர் உடனே கைக்கு வந்தது. அதைப் பிள்ளைகளுக்கு மாற்றியதற்காக 2017ல் உச்ச நீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்றது. 2022ல் நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஆள் 2016 மார்ச்சிலேயே லண்டன் போயாச்சு. மோசடிக் குற்றச்சாட்டை மறுக்கும் அவர், வங்கிக் கடனின் அசலை முழுசாகத் தரத் தயார் என்று 2018ல் சொன்னார்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 2003ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொழிலாளர்கள் கம்பெனியைக் காப்பாற்ற பெரிய சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் தனி போனஸும் ஓய்வூதியப் பாதுகாப்பும் ஒதுக்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. தலைவர் டான் கார்ட்டி பதவி விலக வேண்டியதாயிற்று.

மலிவு டிக்கெட்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லிட முடியாது. 2006ல் தொடங்கிய இண்டிகோவும் மலிவுக் கட்டணம்தான். முதல் பத்தாண்டு ஒரே வகை விமானத்தை வைத்துச் செலவை அடக்கி லாபம் பார்த்தது. துண்டு விழும்போது யார் பணம் முதலில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. மேலே இருப்பவருக்கு விலகும்போது என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. பை தூக்குபவருக்கு அடுத்த மாத ஒன்றாம் தேதி மட்டும்தான். நம்ம ஒரு ரூபாய் டிக்கெட்டின் மீதி விலையில் ஒரு பங்கை அவரும் கட்டியிருக்கிறார்.