ஹாலிபட் தூண்டில்: அடிக்கடல் மீன்பிடிப்பின் ஒரு வரலாறு

கடலின் அடித்தளத்தில் வாழும் மீனைப் பிடிக்கத் தூண்டில் கட்டுவது, மேல்நீர் மீனுக்குக் கட்டுவதிலிருந்து வேறுபட்டது. இரை அடித்தளத்தை எட்ட வேண்டும். அதற்கு எடை தேவை. எட்டிய பின் சேற்றில் புதைந்துவிடவோ பாறையில் சிக்கிவிடவோ கூடாது. அதற்கு இரையைச் சற்று உயர்த்தி நிறுத்த வேண்டும். நீரோட்டம் இழுத்தாலும் பெரிய மீன் இழுத்தாலும் கயிறு அறுந்துபோகக் கூடாது. எடை, கயிறு, முள், இரை, மிதவை ஆகியவற்றைப் பொருத்தும் இந்தச் சிக்கலுக்கு உலகின் பல கடற்கரை மக்கள் தத்தம் ஊரில் கிடைத்த பொருள்களைக் கொண்டு விடை கண்டனர். அவற்றுள் மிக நுட்பமான ஒன்று, வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரைப் பழங்குடிகள் செய்த ஹாலிபட் தூண்டில். இன்றைய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் முதல் கனடா வழியாக அலாஸ்கா வரை நீளும் கடற்கரையில் மக்கா, ஹைடா, டிலிங்கிட் முதலிய இனத்தார் இதைப் பயன்படுத்தினர்.

மீனின் இயல்பு

ஹாலிபட் ஒரு தட்டை மீன். தமிழகக் கடற்கரையில் எருமைநாக்கு எனப்படும் மீனைப் போல இதுவும் ஒரு பக்கமாகப் படுத்து வாழ்வது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே தலையின் இரு பக்கமும் கண்கள் இருக்கும். வளரும்போது இடக்கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கத்துக்கு வந்துவிடும். அதன் பின் மீன் கடலடிக்கு இறங்கி, இரு கண்களும் மேல்நோக்கி இருக்கப் படுத்துக்கொள்ளும். பசிபிக் ஹாலிபட் 200 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. மிகப் பெரிதாக வளர்பவை பெண்மீன்களே. குளிர்காலத்தில் ஆழ்கடலில் முட்டையிட்டு, கோடையில் கரையை நோக்கி வரும். அந்தக் கோடை மாதங்களே பழங்குடிகளின் ஹாலிபட் பருவம். பிடித்த மீனை மெல்லிய துண்டங்களாக அரிந்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தனர்.

தூண்டில் செய்த முறை

இத்தூண்டிலில் இரு வகைகள் இருந்தன. தெற்கில் மக்கா இனத்தார் செய்தது, வளைத்த மரத்தால் ஆன வகை. அவர்கள் மொழியில் இதன் பெயர் சிபூட். 19ஆம் நூற்றாண்டில் மக்கா மக்களிடையே ஆசிரியராகப் பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்வான், அவர்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இதன் செய்முறையைப் பதிவுசெய்துள்ளார். மட்கிய ஹெம்லாக் மரத்தில் கணுக்கள் மட்டும் மட்காமல் உறுதியாக நிற்கும். அக்கணுக்களைப் பிளந்து சீவி, கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியின் குழல் போன்ற தண்டுக்குள் செருகிச் சுடுசாம்பலில் புதைப்பர். தண்டின் ஈரம் ஆவியாகி மரத்தை இளக்கும். இளகிய மரத்தை வளைத்துக் கட்டி ஆறவிட்டால் அந்த வடிவிலேயே இறுகிவிடும். பின் அதன் ஒரு கையில் எலும்பு முள்ளை உள்நோக்கிச் சாய்த்துக் கட்டுவர்.

வடக்கில் ஹைடா, டிலிங்கிட் இனத்தார் இரண்டு மரத்துண்டுகளைக் கவை போல இணைத்து, ஸ்புரூஸ் மரத்தின் வேரால் இறுகக் கட்டினர். ஒரு கைக்கு எளிதில் மிதக்கும் சிடார் போன்ற மரமும், மற்றொன்றுக்குக் கனத்த மரமும் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஒரு கையில் பறவை, விலங்கு, மனிதன் முதலிய உருவங்களைச் செதுக்கினர். தூண்டில் நீரில் நிற்கும்போது அந்த உருவம் கீழே, மீன் இருக்கும் திசையை நோக்கியிருக்கும். அது அழகுக்காக மட்டும் செதுக்கப்பட்டதன்று. மீனை அழைத்துத் தர உதவும் ஆற்றலாக அதை அவர்கள் கருதினர்.

கட்டி இறக்கிய முறை

கயிறும் கடலிலிருந்தே வந்தது. கெல்ப் பாசியின் நீண்ட தண்டுகளை நன்னீரில் ஊறவைத்து, இழுத்து உலர்த்தி, ஒன்றோடொன்று முடிச்சிட்டு நீளமாக்கினர். காய்ந்தால் முறியும் இக்கயிறு, நனைந்தால் பெருமீனையும் தாங்கும் வலிமை பெறும். சிடார் மரத்தின் உட்பட்டையைத் திரித்த கயிறும் பயன்பட்டது.

கயிற்றின் அடியில் ஒரு கல்லைக் கட்டுவர். கல் கடலடியில் தங்கும். மரத்தூண்டிலோ மிதக்கும் இயல்புடையது. எனவே கல்லிலிருந்து குறுங்கயிற்றால் பிணைக்கப்பட்ட தூண்டில், தரைக்குச் சற்று மேலே தானாக எழும்பி நிற்கும். சேற்றில் புதையாது, தரையில் ஊரும் நண்டுகளுக்கும் எளிதில் எட்டாது. படுத்திருக்கும் ஹாலிபட்டின் பார்வைக்கு நேரே இரை ஆடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் ஒரு குறுக்குக் குச்சியின் இரு முனைகளிலும் இரண்டு தூண்டில்களைக் கட்டி, அவை ஒன்றோடொன்று சிக்காதபடி இறக்கினர்.

இரையாகப் பெரிதும் விரும்பப்பட்டது பேய்க்கணவாய். அதன் தசை கடினமானது. நீரில் நெடுநேரம் கிடந்தாலும் கழன்றுபோகாது. கயிற்றின் மேல்முனையில் மரத்தாலோ கடல்நாயின் (சீல்) இரைப்பையாலோ ஆன மிதவை இருக்கும். மிதவை துள்ளுவதைக் கண்டதும் படகில் சென்று இழுத்து, மீனைப் படகில் ஏற்றுமுன் மரத்தடியால் தலையில் அடித்து அடக்குவர்.

அளவு பார்த்துப் பிடிக்கும் தூண்டில்

ஹாலிபட் இரையைக் கடிப்பதைவிட உறிஞ்சி வாங்கும் பழக்கம் உடையது. உறிஞ்சும்போது தூண்டிலின் ஒரு கை வாய்க்குள் போகும். ஏதோ தவறு என உணர்ந்து அதை உமிழ முயன்று மீன் திரும்பும் நொடியில், உள்நோக்கிச் சாய்ந்த முள் கன்னத்தில் ஏறிவிடும். அதாவது இத்தூண்டில் மீனின் இயல்பான அசைவையே அதைப் பிடிக்கும் விசையாக மாற்றியது. படகிலிருந்து யாரும் கயிற்றைச் சுண்ட வேண்டியதில்லை.

இதன் மற்றொரு சிறப்பு, முள்ளுக்கும் எதிர்க்கைக்கும் இடையிலுள்ள இடைவெளி. சிறிய மீனின் வாய் இத்தூண்டிலைக் கொள்ளாது. மிகப் பெரிய மீனின் தடித்த தாடையோ அந்த இடைவெளிக்குள் நுழையாது. நடுத்தர அளவு மீன்களே பெரிதும் அகப்பட்டன. வளர வேண்டிய குஞ்சும் இலட்சக்கணக்கில் முட்டையிடும் பெரிய தாய்மீனும் கடலிலேயே தங்கின. இதை இன்றைய மீன்வளப் பாதுகாப்புச் சட்டத்தோடு அப்படியே ஒன்றாக்கிப் பார்ப்பது சரியன்று. மிகப் பெரிய ஹாலிபட் சிறு மரப்படகைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதும் ஒரு காரணமே. காரணம் எதுவாயினும், விளைவு கடலுக்கு நன்மையாக அமைந்தது.

இது எவ்வளவு பழமையானது என்பதற்கு ஓசெட் என்னும் மக்கா ஊர் சான்று தருகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் மண்சரிவில் புதைந்த இவ்வூரின் வீடுகள் 1970ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஈர மண் காற்றைத் தடுத்ததால் மரப்பொருள்கள் மட்காமல் இருந்தன. கிடைத்த 55,000க்கும் மேற்பட்ட பொருள்களில் ஹாலிபட் தூண்டில்களும் உண்டு. இவற்றைக் காக்கும் மக்கா அருங்காட்சியகம் 1979இல் நீயா விரிகுடாவில் திறக்கப்பட்டது.

இரயிலும் இரும்புத் தூண்டிலும்

1855இல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்படிக்கையில் மக்கா மக்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தனர். ஆனால் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையையும் திமிங்கில வேட்டை உரிமையையும் விடாமல் எழுத்தில் பெற்றனர். அவர்களுக்கு வாழ்வு நிலத்தில் அன்று, கடலில் இருந்தது.

1880களில் கண்டத்தைக் கடக்கும் இரயில் பாதை வாஷிங்டன் கரையை எட்டியது. பனிக்கட்டியில் வைத்த மீனைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்ப வழி பிறந்தது. அட்லாண்டிக் கடலில் ஹாலிபட் ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தது. 1888இல் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்த கப்பல்கள் வாஷிங்டன் கடற்பகுதியில் வணிக முறையில் ஹாலிபட் பிடிக்கத் தொடங்கின. விரைவில் நீராவிக் கப்பல்களும் வந்தன. நெடிய வடம் ஒன்றில் வரிசையாக இரும்புத் தூண்டில்களைக் கட்டி, இரு முனைகளிலும் நங்கூரமிட்டுக் கடலடியில் கிடத்தினர். அத்தூண்டில் சிறிது பெரிது என்று பார்க்கவில்லை.

அருகிலுள்ள மீன்திட்டுகள் வற்ற, கப்பல்கள் மேலும் மேலும் வடக்கே சென்றன. ஆய்வாளர் வில்லியம் தாம்சன் மொத்தப் பிடிப்பை மட்டும் பார்க்காமல், ஒரே அளவு வடத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மீன் கிடைத்தது என்று கணக்கிட்டார். மொத்த அளவு குறையாதது போலத் தோன்றியபோதும் வடத்துக்குக் கிடைத்த மீன் வேகமாகக் குறைந்துவந்தது அதனால் வெளிப்பட்டது.

1923 மார்ச் 2ஆம் நாள் அமெரிக்காவும் கனடாவும் ஹாலிபட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரிட்டனின் கையெழுத்து இல்லாமல் கனடா தானே செய்துகொண்ட முதல் பன்னாட்டு உடன்படிக்கை இதுவே. முட்டையிடும் குளிர்காலத்தில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. 1930இன் புதிய உடன்படிக்கைக்குப் பின் பிடிப்புக்கு உச்சவரம்பும் வந்தது. இப்போது வணிகப் பிடிப்பில் 32 அங்குலத்துக்குக் குறைவான ஹாலிபட்டைக் கடலில் விட்டுவிட வேண்டும். ஆனால் முள் ஏறிய பின் விடப்படும் மீன்கள் எல்லாம் பிழைப்பதில்லை. பழைய மரத்தூண்டில் சிறுமீனைப் பிடிக்காமலே விட்டது. சட்டமோ பிடித்த பின் விடச் சொல்கிறது.

வட்டத் தூண்டிலின் வரவு

1980களின் தொடக்கத்தில் ஹாலிபட் கப்பல்கள் பழைய இரும்புத் தூண்டிலைக் கைவிட்டு வட்டத் தூண்டிலுக்கு மாறின. இதன் முனை வெளியே நீளாமல் தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். விழுங்கிய மீன் திரும்பும்போது வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அதே எண்ணிக்கைத் தூண்டிலுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மீன் கிடைத்தது. கணக்கெடுப்பு முறையையே அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று. இது மரத்தூண்டிலிலிருந்து நேராகப் பிறந்தது என்று கூற இயலாது. ஆயினும் முள்ளை உள்நோக்கி வைத்து, மீனின் அசைவாலேயே அதை மாட்டவைக்கும் கொள்கை இரண்டுக்கும் ஒன்றே. ஓசெட் மக்களுக்கு அது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்றைய நிலை

இரும்பும் நைலானும் வந்தபின் மரத்தூண்டில் அன்றாடப் பயனிலிருந்து விலகியது. கெல்ப் கயிற்றின் இடத்தில், தமிழக மீனவர் தங்கூசி என்று சொல்லும் நைலான் இழை போன்றவை வந்தன. வடக்கின் செதுக்குத் தூண்டில்கள் அருங்காட்சியகங்களுக்கும் பயணிகளுக்கான கலைப்பொருள் கடைகளுக்கும் சென்றன. அங்கு உருவம் பேசப்பட்டது. கருவி எப்படி வேலை செய்தது என்பது மறக்கப்பட்டது.

அந்த மறதி முழுமையாகவில்லை. டிலிங்கிட், ஹைடா கைவினைஞர்கள் இளையோருக்கு இதைச் செய்யக் கற்றுத்தருகின்றனர். மக்கா மக்கள் தம் பழைய சிபூட் தூண்டிலை மீண்டும் செய்து, இன்றைய தூண்டிலோடு ஒப்பிட்டுக் கடலில் இறக்கிப் பார்த்துள்ளனர். ஹாலிபட் அல்லாத பிற மீன்கள் அதில் குறைவாகவே அகப்படுகின்றன. எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதோடு எந்த மீனை விட வேண்டும் என்பதையும் வடிவத்திலேயே சொல்லிவைத்த கருவி என்ற வகையில், ஹாலிபட் தூண்டில் மீன்பிடி வரலாற்றில் தனி இடம் பெறுகிறது.