ஹனோய் பிணவறையில் சுரண்டிய இருநூறு ஈரல்கள்

கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் பலரும் 1952இல், பாரிஸில் தொடங்குவார்கள். லோர்தா-ஜாக்கோப் என்ற பிரெஞ்சு மருத்துவர் வலப்பக்க ஈரலை முறையாகத் திட்டமிட்டு அகற்றியதை எழுதி வெளியிட்ட ஆண்டு அது. என்னைக் கேட்டால் 1930களின் ஹனோயில், ஒரு பிணவறையில் தொடங்க வேண்டும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், ஈரலை வெட்டுவது ஏன் அவ்வளவு பயமான வேலை? கறிக்கடையில் ஈரல் வாங்கிச் சமைத்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். அது தசை மாதிரி இழுத்துப் பிடிக்காது. நூல் போட்டு இறுக்கினால் கிழித்துக்கொண்டு வரும். மீதிப் பாதி, ரத்தம். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் ஓடுகிறது. இதயம் வெளியே தள்ளுவதில் ஏறத்தாழ கால் பங்கு!

1888இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் ஒரு பெண்ணின் ஈரலிலிருந்து சுமார் 370 கிராம் வெட்டியெடுத்தார். (உலகில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியவரும் இவர்தான்.) ரத்தக்கசிவு ஏற்பட்டு, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அந்தப் பெண் பிழைத்தார். 1908இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள், ஈரலுக்குள் நுழையும் ரத்தக்குழாய்களை விரல்களுக்கிடையே நசுக்கிப் பிடித்தால் ரத்தம் நிற்கும் என்று எழுதினார். அவர் அப்படி அறுவை செய்த நோயாளிகள் யாரும் பிழைக்கவில்லை. முயல்களிடம்தான் அவருக்கு வெற்றி. ஆனாலும் யோசனை சரிதான். இன்றைக்கும் அந்தப் பிடிக்கு அவர் பெயர்தான்.

குழாயை அடைத்தாயிற்று, சரி. எங்கே வெட்டுவது? வெளியே பார்த்தால் ஈரலில் கோடு எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைத்தான் தோன் தத் துங் என்ற வியட்நாமிய மாணவர் கையில் எடுத்தார். 1912இல் பிறந்தவர், அரச வம்சத்தின் கிளைக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஹனோய் மருத்துவப் பள்ளியில் படித்தார். ஒருநாள் பிரேதப் பரிசோதனையில் ஒரு ஈரலைப் பிளந்தபோது, அதன் பித்தநாளங்கள் முழுக்க நாக்குப்பூச்சிகள் அடைத்துக் கிடந்தன. புழுக்கள் நாளங்களை விரித்துவிட்டிருந்ததால், ஈரலுக்குள் அவை கிளை பிரிந்து ஓடும் பாதை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நம்மில் யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்திருப்போம். அவர் ஒரு சாதாரணச் சுரண்டியை எடுத்து ஈரலின் சதையை மெல்லச் சுரண்டி நீக்கினார். குழாய்கள் மட்டும் மிஞ்சின, இலை உதிர்ந்த மரம் மாதிரி. பார்த்ததை வரைந்தார். 1935 முதல் 1939 வரை இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட ஈரல்கள்.

அவர் கண்டது இதுதான்: ஈரல் ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு கூறுக்கும் தனி ரத்தக்குழாய், தனிப் பித்தநாளம். எல்லை தெரிந்தால் ஒரு கூறை மட்டும் கழற்றலாம். பக்கத்துக் கூறு பட்டுப்போகாது. 1939இல் தன் பிரெஞ்சு மேலதிகாரி மேயர்-மேயுடன் சேர்ந்து, புற்றுநோயாளி ஒருவரின் இடப்பக்க ஈரலை இந்த வழியில் அகற்றிப் பாரிஸின் அறுவை மருத்துவக் கழகத்துக்கு அறிக்கை அனுப்பினார். கிடைத்தது பாராட்டல்ல, விமர்சனம். காலனி நாட்டு இளைஞர் சொன்னதால்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அதே மாதிரியான உடற்கூற்று வரைபடத்தைக் கிளாத் க்வினோ பாரிஸில் வரைந்தபோது உலகம் ஏற்றுக்கொண்டது.

இடையில் போர். துங் வியட்மின் பக்கம் போனார். காட்டில் மருத்துவம் பார்த்தார், தியென் பியென் ஃபூவில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தார். ஈரலுக்குத் திரும்பியது அதன் பிறகுதான். 1963இல் லான்செட் இதழில் வந்த அவருடைய கட்டுரையின் முறை படிக்க எளிமையாக இருக்கிறது: நுழைவாயில் குழாய்களைக் கொஞ்ச நேரம் அடை, எல்லைக்கோட்டில் சதையை விரலால் நசுக்கிப் பிரி, விரலில் தட்டுப்படும் குழாயை ஈரலுக்கு உள்ளேயே கட்டு. சில நிமிட வேலை. விரலால் பிரிப்பதைத் தாய்பேயின் லின் 1958இலேயே எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துங்கின் தனித்தன்மை, விரலுக்குப் பின்னால் இருநூறு ஈரல்களின் வரைபடம் இருந்தது.

சரி, நோயாளிகள் பிழைத்தார்களா? 1970களில் அமெரிக்காவின் 98 மருத்துவமனைகளில் நடந்த 621 அறுவைகளை ஃபாஸ்டர் என்ற மருத்துவர் தொகுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 13 பேர் இறந்திருந்தார்கள். பெரிய அறுவைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அடுத்து 2002இல் வெளிவந்த நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் கணக்கு: பத்தாண்டுகளில் 1,803 அறுவைகள், இறப்பு 3.1 சதவீதம். முடிவைத் தீர்மானித்தவை எவை என்று அவர்கள் அலசியபோது முன்னால் வந்து நின்றவை இரண்டு: எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை கூறுகள் எடுக்கப்பட்டன. மயக்க மருத்துவர்கள் வெட்டும் நேரத்தில் சிரைகளின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கக் கற்றது முதலாவதற்கு உதவியது. இரண்டாவதற்கு உதவியது அந்த வரைபடம்தான். பாதி ஈரலை எடுத்த இடத்தில் இப்போது ஒன்றிரண்டு கூறோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

ஆரோக்கியமான ஈரலில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் மிச்சமிருந்தாலே பெரும்பாலும் போதும். சில மாதங்களில் அளவு ஏறக்குறைய பழையபடி வளர்ந்துவிடும், வடிவம் திரும்பாது. சிரோசிஸ் வந்து இறுகிப்போன ஈரலுக்கு அந்தச் சலுகை இல்லை. நிறைய மிச்சம் வைக்க வேண்டும், வைத்தாலும் செயலிழப்பு வரலாம். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஈரலில்தான் வந்து உட்காருகிறது என்பது இந்தத் துறையின் தீராத தலைவலி.

1977இல் பாரிஸின் அதே கழகம் துங்குக்கு லான்னலோங் பதக்கம் கொடுத்தது. 1982இல் அவர் காலமானார். இன்று உங்கள் ஊர் ஸ்கேன் அறிக்கையில் ஈரல் கட்டி எந்தக் கூறில் இருக்கிறது என்று ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஒரு எண் போட்டிருந்தால், அது க்வினோவின் எண். வியட்நாம் மருத்துவர்களிடையே துங் வைத்த கூறுப் பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன.