பெயர் வைத்தவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர்

1826 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில் வகுப்பு தொடங்குகிறது. பாடம் நடத்துகிறவருக்கு வயது 28. பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைப்பவர். ஆனால், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால் தூக்கிவாரிப் போடும். தென் அமெரிக்கக் காடுகளையும் மலைகளையும் அளந்துவிட்டு வந்த அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், கணித அறிஞர் புவான்ஸோ, விலங்கியல் அறிஞர் பிளென்வில். மொத்தம் 72 சொற்பொழிவுகள் என்று அறிவிப்பு. கணிதத்தில் தொடங்கி, வானியல், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் மனித சமூகத்தைப் பற்றிய விஞ்ஞானத்தில் முடிப்பதாகத் திட்டம். அப்படியொரு விஞ்ஞானம் அன்றைக்கு எங்குமே இல்லை. தான்தான் அதை உண்டாக்கப் போகிறோம் என்று அந்த இளைஞர் சந்தேகமே இல்லாமல் நம்பினார். அவர் பெயர் ஆகஸ்ட் காம்ட்.

மூன்று வகுப்புகள்தான் நடந்தன. அதற்குள் காம்ட்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. எஸ்கிரோல் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் மனநல விடுதியில் பல மாதங்கள் வைத்திருந்தார்கள். டிசம்பரில், குணமாகவில்லை என்று எழுதியே வீட்டுக்கு அனுப்பினார்கள். தாயாரின் வற்புறுத்தலால் அப்போது அவருக்குத் தேவாலய முறைப்படி திருமணச் சடங்கு நடந்தது. பதிவேட்டில் மாப்பிள்ளை போட்ட கையெழுத்து: ‘புரூட்டஸ் போனபார்ட் காம்ட்’. அடுத்த ஆண்டு சேன் நதியில் குதித்துவிட்டார், பிழைக்கவைத்தார்கள். 1829-இல் அதே மனிதர் அதே சொற்பொழிவு வரிசையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அதுதான் 1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ‘நேர்காட்சித் தத்துவப் பாடம்’.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? காம்ட் பிறந்தது 1798-இல், மோம்பெலியேவில். இறந்தது 1857-இல். அறுபது வயதுகூட நிரம்பாத அந்த வாழ்க்கைக்குள் பிரான்ஸ் ஏழு விதமான ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. புரட்சியின் மிச்சமாக வந்த ஐவர் குழு, பிறகு நெப்போலியன் முதல் கான்சலாக, பிறகு அவரே பேரரசராக, மறுபடியும் பழைய மன்னர் வம்சம், 1830-இல் இன்னொரு மன்னர், 1848-இல் குடியரசு, 1852-இல் திரும்பவும் பேரரசு. அரசனின் தலையை வெட்டியாகிவிட்டது, தேவாலயத்தின் சொத்தைப் பறித்தாகிவிட்டது. இனி இந்த ஜனங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது எது? காம்ட்டின் தலைமுறையை ஆட்டிப்படைத்த கேள்வி இதுதான். சமூகவியல் பிறந்தது இந்தப் பீதியில்.

காம்ட் படித்தது பாரிஸின் எக்கோல் பொலிடெக்னிக். நாட்டின் மிகச் சிறந்த கணித மூளைகள் கூடிய இடம். கோள்களின் ஓட்டத்தைச் சில சமன்பாடுகளில் அடக்கிக் காட்டிய கல்வி அவருக்குக் கிடைத்தது. 1816-இல் மாணவர்கள் கட்டுக்கடங்கவில்லை என்று அரசு பள்ளியையே மூடி எல்லோரையும் ஊருக்கு அனுப்பியது. பட்டம் கிடைக்காமல் போனது அப்படித்தான். மறுவருடம் சான் சிமோன் என்ற விசித்திரப் பிரபுவிடம் செயலாளராகச் சேர்ந்தார். சமூகத்தையும் விஞ்ஞானம் போல ஆராய வேண்டும் என்று சான் சிமோன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். ஏழு வருடங்கள் கழித்து, எழுத்து யார் பெயரில் வெளிவர வேண்டும் என்ற சண்டையில் இருவரும் பிரிந்தார்கள். சிஷ்யர் பிற்காலத்தில் குருவின் கடனை ஒப்புக்கொள்ளவே இல்லை.

காம்ட்டின் அடிப்படை வாதம் எளிமையானது. மனித அறிவு மூன்று நிலைகளைக் கடந்து வருகிறது. முதலில் எல்லாவற்றுக்கும் தெய்வத்தைக் காரணம் சொல்கிறோம். அடுத்து ‘இயற்கை’, ‘உரிமை’ போன்ற அருவமான கருத்துகளைக் காரணம் சொல்கிறோம். கடைசியில், ஏன் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கவனித்து விதி காண்கிறோம். வானியல் முதலில் அந்த மூன்றாம் நிலைக்கு வந்தது, உயிரியல் பிறகு வந்தது, சமூகம் கடைசியாக வர வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், கவனித்து விதி காண வேண்டும் என்று ஆறு தொகுதிகள் எழுதிய மனிதர், ஒரு கிராமத்தையோ ஒரு தொழிற்சாலையையோ போய்க் கவனித்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில், தன் சிந்தனை கெட்டுவிடக் கூடாது என்று அடுத்தவர் புத்தகங்களைப் படிப்பதையும் நிறுத்திவிட்டார். மூளைக்குச் சுகாதாரமாம்!

கவனிக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தவர் பிரஸ்ஸல்ஸில் இருந்தார். அடோல்ஃப் கெத்தலே, வானியலாளர். அப்போதுதான் பிரான்ஸின் நீதித்துறை ஆண்டுதோறும் குற்றக் கணக்கை அச்சிட்டு வெளியிடத் தொடங்கியிருந்தது. கெத்தலே அதை எடுத்து வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. கொலை செய்பவன் கோபத்தில் செய்கிறான், திருடுகிறவன் சந்தர்ப்பம் பார்த்துத் திருடுகிறான். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஆண்டுக் கூட்டுத்தொகை ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நிற்கிறது. இதற்கு முன்பே கணித அறிஞர் லாப்லாஸ், பாரிஸ் தபால் நிலையத்தில் முகவரி சரியில்லாமல் தேங்கும் கடிதங்களின் எண்ணிக்கைகூட வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை என்று குறிப்பிட்டிருந்தார். தனி மனிதனின் மறதிக்குக் கணக்கு கிடையாது. ஊரின் மறதிக்குக் கணக்கு இருக்கிறது. 1835-இல் கெத்தலே தன் புத்தகத்தை வெளியிட்டார். அதன் துணைத்தலைப்பில் ‘சமூக இயற்பியல்’ என்று போட்டிருந்தார்.

காம்ட்டுக்கு வந்ததே கோபம்! அந்தப் பெயரைத் தன் விஞ்ஞானத்துக்கு அவர் பல வருடங்களாக வைத்திருந்தார். வெறும் புள்ளிவிவரம் சேர்க்கும் ஒரு பெல்ஜியக்காரர் அதைத் திருடிவிட்டதாகக் குமுறினார். 1839-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் புதிதாக ஒரு சொல்லை உருவாக்கிப் போட்டார். சமூகவியல் என்று இன்று நாம் தமிழில் சொல்லும் துறையின் பெயர் அதுதான். நிகழ்தகவுக் கணக்கைச் சமூகத்துக்குப் பொருத்துவதையே வீண் வேலை என்று ஒதுக்கியவர் காம்ட். அவர் வைத்த பெயர் நிலைத்தது. அவர் ஒதுக்கிய முறைதான் பின்னால் அந்தத் துறையின் முதுகெலும்பானது.

நியாயமாகப் பார்த்தால் முதல் உரிமை வேறு சிலருக்கும் உண்டு. துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-இலேயே, இன்றைய அல்ஜீரியாவின் ஒரு கோட்டையில் உட்கார்ந்து, மனிதக் கூட்டு வாழ்க்கையைப் பற்றித் தனி அறிவுத்துறை ஒன்றைத் தொடங்குவதாகத் தெளிவாக எழுதிவைத்தார். ஐரோப்பா அவரைச் சரியாகப் படித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இன்னொருவர் ஹாரியட் மார்ட்டினோ. இங்கிலாந்தின் நார்விச்சைச் சேர்ந்தவர். காது கேட்காது, ஊதுகுழல் போன்ற கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். 1834 முதல் 1836 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். காம்ட் பெயர் வைப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1838-இல், ஒரு சமூகத்தை எப்படிக் கவனிப்பது என்று தனிப் புத்தகமே போட்டார். ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பாதே, அவர்களுடைய கல்லறைகளைப் பார், சிறைகளைப் பார், பாட்டுகளைக் கேள். பேச்சை அதற்கு உரையாக வைத்துக்கொள் என்பது அவர் சொன்ன வழி. 1853-இல் காம்ட்டின் ஆறு தொகுதிகளையும் இரண்டாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. காம்ட்டே அதைப் படித்துவிட்டு, மூலத்தைவிட அதையே தன் சீடர்களுக்குச் சிபாரிசு செய்தார். துறையின் தந்தை என்று காம்ட்டைப் பாடப் புத்தகங்கள் சொல்லட்டும். களத்தில் இறங்கி வேலை பார்த்தது மார்ட்டினோதான்.

காம்ட்டின் கடைசிக் காலம் சோகமானது. 1840-களில் பிழைப்புக்குப் பார்த்துவந்த தேர்வாளர் வேலை போனது; ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் முயன்று இங்கிலாந்து நண்பர்களிடம் பணம் திரட்டி அனுப்பினார். க்ளோத்தில்ட் த வோ என்ற பெண்மீது கொண்ட காதல், 1846-இல் அவர் காசநோயில் இறந்ததும் பக்தியாக மாறியது. விஞ்ஞானி மதகுருவானார். மனிதகுலத்தை வணங்கும் ஒரு மதத்தை, நாட்காட்டியோடும் சடங்குகளோடும் நிறுவினார். அந்த மதத்தின் சுலோகத்திலிருந்து எடுத்த ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்ற சொற்கள் 1889 முதல் பிரேசில் கொடியில் இருக்கின்றன.

காம்ட் பெயர் வைத்த துறையை வளர்த்தவர் எமில் துர்கைம். காம்ட் இறந்த மறு ஆண்டு, 1858-இல், லொரேன் பகுதியின் எப்பினாலில் பிறந்தவர். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருமே யூத மதகுருக்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே பிரஷ்யப் படை அவர் ஊரைப் பிடித்தது. தோற்றுப்போன பிரான்ஸில் மூன்றாம் குடியரசு வந்தது; பள்ளிக்கூடத்தைத் தேவாலயத்திடமிருந்து பிரித்தது. அப்படியானால் கடவுளைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு எந்த அடிப்படையில் ஒழுக்கம் சொல்லித்தருவது? அரசுக்கு இதற்குப் பதில் வேண்டியிருந்தது. 1887-இல் துர்கைமை போர்தோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களுக்குக் கல்வியியல் நடத்துவதுதான் முக்கிய வேலை; அதன் ஓரத்தில் சமூக விஞ்ஞானமும் நுழைந்துகொண்டது.

அவர் தேர்ந்தெடுத்த விஷயம் துணிச்சலானது. தற்கொலை. இதைவிடத் தனி மனிதனுக்கே உரிய முடிவு வேறு எது? அதிலும் சமூகத்தின் கையைக் காட்டிவிட்டால் எதிர்க்க யாரும் மிச்சமில்லை. சகோதரி மகன் மார்செல் மோஸ் நீதித்துறைப் பதிவுகளிலிருந்து ஏறக்குறைய 26,000 சாவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்: வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, பிள்ளைகள் உண்டா. அந்தப் பதிவுகளைப் பார்க்க வழிசெய்தவர் நீதித்துறைப் புள்ளிவிவர அலுவலகத் தலைவர் கப்ரியேல் தார்த். சமூகம் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான் என்று வாதாடிய, துர்கைமின் பரம எதிரி. முன்னுரையில் அவருக்கு நன்றி சொன்ன துர்கைம், அதே புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க அவருடைய கொள்கையைக் கிழித்துப் போட்டார்.

1897-இல் வந்த அந்த நூல் காட்டியது இது. கத்தோலிக்கரைவிட புராட்டஸ்டன்டுகளிடம், பிள்ளை குட்டியோடு இருப்பவர்களைவிடத் தனித்திருப்பவர்களிடம் தற்கொலை அதிகம். போர்க்காலத்தில் அது குறைகிறது. பணச் சரிவில் கூடுகிறது. திடீர்ச் செழிப்பிலும் கூடுகிறது என்றார் அவர். வறுமையை மட்டும் காரணம் சொன்னவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய இடி. மனிதனைப் பிறரோடு பிணைக்கும் கட்டு தளரும்போதும், ஆசைக்கு எல்லை போடும் நெறி குலையும்போதும் உயிர்ப் பிடிப்பு தளர்கிறது என்பது அவர் விளக்கம். கத்தோலிக்க ஊர்களில் இத்தகைய சாவுகளை மறைத்திருப்பார்களே, அந்தக் கணக்கை எப்படி நம்புவது என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால், கேள்வியையும் கணக்கைக் கொண்டுதானே கேட்க வேண்டியிருந்தது? காம்ட்டின் மூன்று நிலைகளை அப்படிச் சோதிக்க வழியே கிடையாது.

1902-இல் துர்கைம் சொர்போன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதே ஆண்டுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் ஆகாத காம்ட்டுக்குச் சிலை திறந்தார்கள். துர்கைமின் பதவிப் பெயரில் ‘சமூகவியல்’ என்ற சொல் சேர இன்னும் பதினொரு வருடங்கள் ஆயின. பிரான்ஸில் அந்தப் பெயரில் பேராசிரியர் நாற்காலி வந்தது 1913-இல்.

இந்தியாவில் அடுத்த ஆறு ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. 1919-இல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்குத் தலைவரானவர் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. கப்பலில் அவர் அனுப்பிய கண்காட்சிப் பொருட்களை 1914-இல் நடுக்கடலில் மூழ்கடித்தது, சென்னைமீது குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்.