சிகிரியாவின் நகரமைப்பு: கட்டடச் சிதைவுகள் கூறுவன

பண்டைய நகரமொன்றின் அமைப்பை ஆராயப் புகும் தொல்பொருளியலாளர் முதலில் நாடுவது வீடுகளையும் வீதிகளையுமே. கிரேக்க நாட்டின் ஒலிந்தஸ் நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கி.மு. 348இல் மக்கெடோனிய மன்னன் பிலிப்பினால் அழிக்கப்பட்ட அந்நகரை 1928ஆம் ஆண்டுக்கும் 1938ஆம் ஆண்டுக்கும் இடையில் டேவிட் றொபின்சன் அகழ்ந்தபோது, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்லும் வீதிகளும், வரிசைக்கு ஐந்தாகப் பத்து வீடுகள் கொண்ட மனைத்தொகுதிகளும் வெளிப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அங்கே அகழப்பட்டன. மிலேற்றஸ் நகரத்து ஹிப்போடாமஸ் நகரங்களைப் பிரித்து அமைக்கும் முறையை வகுத்தான் என அரிஸ்ரோட்டில் கூறியிருப்பது வெறும் நூற்செய்தியன்று என்பதை இத்தகைய அகழ்வுகள் தெளிவாக்கின. எனினும் அவ்வகழ்வுகளிற் பெரிதாகப் பேசப்படுவது குடிமக்களின் மனையே, மன்னனின் மாளிகையன்று.

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவில் நிலைமை நேர்மாறானது. அங்கே மன்னனின் இருக்கை எஞ்சியுள்ளது. பொய்கையும் பூங்காவும் மதிலும் அகழியும் எஞ்சியுள்ளன. குடிமக்களின் வீடுகளோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்வாறாயின் சிகிரியாவை நகரம் என அழைப்பது தகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இலக்கியச் சான்றைவிடக் கட்டடச் சிதைவுகளே பெரிதும் துணைபுரிகின்றன.

இலக்கியச் சான்று சூளவம்சத்தில் உள்ளது. தந்தையாகிய தாதுசேனனைக் கொன்று அரசு கட்டிலேறிய காசியப்பன், தன் உடன்பிறந்தானாகிய மொகல்லானனுக்கு அஞ்சி, ஏறுதற்கரிய சிகிரியாவை அடைந்து, சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கி, மதில் எழுப்பி, சிங்க வடிவிற் படிக்கட்டு அமைத்து, குபேரனைப் போல் அங்கே வாழ்ந்தான் என அந்நூல் கூறுகின்றது. அவனது ஆட்சிக்காலம் கி.பி. 477 முதல் 495 வரை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், பௌத்த பிக்குவின் நோக்கில் எழுதப்பெற்ற நூல் இது. தந்தையைக் கொன்றவன் அச்சத்தால் மலையேறினான் என்பது கதைக்குப் பொருத்தமான முடிபே. ஆயினும் அஞ்சி ஒளிந்தவன் பொய்கைகளும் நீரூற்றுகளும் அமைத்துக்கொண்டிருப்பானா என்னும் ஐயம் அவ்விடத்தை நேரிற் காண்போர் எவர்க்கும் எழாமற் போகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் இக்குன்றைப் பற்றி எழுதத் தொடங்கினர். 1831இல் போர்ப்ஸ் என்பார் இதனைக் கண்டார். முறையான அகழ்வு 1894இல், தொல்பொருளியல் ஆணையாளராகிய எச். சீ. பி. பெல் அவர்களின் மேற்பார்வையிலே தொடங்கியது. குன்றின் உச்சியைத் துப்புரவாக்கிச் சுவர் அடிகளை வெளிப்படுத்தியதும், 1898இல் வடக்குத் தளத்திற் பாரிய சிங்கப் பாதங்களைக் கண்டதும் அவரது பணியின் பெரும்பேறுகள். சிங்கப் படிக்கட்டைப் பற்றிய சூளவம்சக் கூற்று அவற்றால் உறுதியாயிற்று. பின்னர் 1940ஆம் ஆண்டு ஆணையாளராகிய பரணவிதான அவர்கள் கண்ணாடிச் சுவரிற் கீறப்பட்ட 685 சிங்களப் பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். குபேரனது அளகாபுரியின் சாயலாகவே சிகிரியா அமைக்கப்பட்டது என்னும் கருத்தும் அவருடையதே. 1982இல் யுனெஸ்கோ சிகிரியாவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அக்காலந்தொட்டுக் கலாசார முக்கோணத் திட்டத்தின் கீழ்ப் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க அவர்களின் தலைமையில் நடைபெற்ற ஆய்வுகளே சிகிரியாவைத் தனிக்குன்றாக அன்றி, முழுமையான நகரத் திட்டமாக நோக்கின.

அவ்வாய்வுகள் காட்டும் அமைப்பு வியத்தற்குரியது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 3 கிலோமீற்றரும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1 கிலோமீற்றரும் கொண்ட பரப்பிலே நகரம் விரிந்துள்ளது. மேற்குப் பகுதி ஏறத்தாழ 90 ஹெக்டேயர். கிழக்குப் பகுதி ஏறத்தாழ 40 ஹெக்டேயர். இரண்டிற்கும் நடுவே, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து குன்று நிற்கின்றது. அதன் உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேயர் பரப்பில் மாளிகை அமைந்திருந்தது. கீழேயுள்ள நகரின் கிழக்கு மேற்கு நடுக்கோடு உச்சியிலுள்ள மாளிகையின் மையத்தை நோக்கியே இடப்பட்டுள்ளது. சதுர அளவை ஒன்றின் மடங்குகளாகவே திட்டம் முழுவதும் விரிகின்றது. மேலே நின்றவனும் கீழே நின்றவனும் ஒரே கோட்டைக் கருத்திற்கொண்டு அளந்திருக்க வேண்டும். ஹிப்போடாமஸின் பெயரை அறியாத நாட்டிலே நிகழ்ந்த செயல் இது.

ஆனால் சதுரமும் கோடுமே சிகிரியாவின் முழுக் கதையன்று. மேற்கு வாயிலால் உள்ளே செல்பவன் முதலிற் காண்பது நீர்ப்பூங்கா. நடுவே தீவு போன்ற மேடை. அதனைச் சூழ நான்கு பொய்கைகள். இடமும் வலமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். சற்றுக் கிழக்கே சென்றதும், துளையிட்ட கற்பலகைகளால் மூடிய நீரூற்றுகள். நிலத்தடிக் கால்வாய்களில் வரும் நீரின் அழுத்தம் ஒன்றாலேயே இயங்கும் இவை, மழைக்காலத்தில் இன்றும் நீரைச் சொரிகின்றன. இதனையும் கடந்ததும் ஒழுங்கு திடீரெனக் குலைகின்றது. பெரும்பாறைகளின் இடையே வழிகள் வளைந்து நெளிந்து செல்கின்றன. திட்டமிட்டவர்கள் பாறைகளை அகற்றவில்லை. அவற்றையே கட்டடங்களுக்கு அடித்தளமாக்கினர்.

இப்பாறைப் பூங்காவே கட்டட ஆய்வாளனின் திறனைச் சோதிக்கும் இடம். பாறைகளின் மேல் வரிசை வரிசையாக வெட்டப்பட்ட பள்ளங்கள் காணப்படுகின்றன. முதன்முறை பார்ப்பவர் அவற்றைப் படிகள் என எண்ணுதல் இயல்பு. உண்மையில் அவை செங்கற்சுவர்களின் அடிவரிசை வழுக்காமற் பற்றுதற்கு வெட்டப்பட்டவை. மரத்தூண்களை நாட்டிய குழிகளும் உள. செங்கல் சிதைந்தது, மரம் உக்கியது, வெட்டு மட்டும் எஞ்சியது. இல்லாத கட்டடத்தின் உருவத்தை அதன் பாதச் சுவட்டால் அறிவதே இங்குள்ள ஆய்வுமுறை. இதே பாறைகளின் அடியில், நீர் உட்புகாமற் காக்கும் கொடுங்கை வெட்டிய குகைகளும் பிராமிச் சாசனங்களும் உள்ளன. காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே துறவிகள் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. மொகல்லானன் வெற்றிபெற்றபின் சிகிரியாவை மீண்டும் பிக்குகளுக்கே அளித்தான் எனச் சூளவம்சம் கூறும்.

இதனை அடிப்படையாகக் கொண்டு, முன்னாள் ஆணையாளராகிய ராஜா டி சில்வா அவர்கள் 2002இல் வெளியிட்ட நூலில், சிகிரியா அரண்மனையே அன்று, அது துறவிமடம் என்றும், ஓவியப் பெண்கள் தாரா தேவியின் உருவங்கள் என்றும் வாதிட்டார். மடம் இருந்தமை மறுத்தற்கில்லை. ஆயினும் துறவிகளுக்கு அகழியும் அடுக்கு மதிலும் எதற்கு? மதில்கள் வேறொரு காலத்தவை எனின், நீர்ப்பூங்காவும் மதிலும் உச்சி மாளிகையும் ஒரே நடுக்கோட்டில் அமைந்தது எவ்வாறு? அத்துணைக் கண்டிப்பான ஒழுங்கு அரச ஆணையையே சுட்டுகின்றது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இனிக் குடிமக்கள் பற்றிய வினா. மதிலுக்கு உள்ளே அவர்களைத் தேடுவது வீண் என்பதை 1980களின் இறுதியில் தொடங்கிய சிகிரியா - தம்புள்ளைப் பிரதேசக் குடியிருப்பு ஆய்வு உணர்த்தியது. சுற்றுப்புறக் கிராமங்களிலும் காடுகளிலும் பழைய குளங்கள், குடியிருப்புகள், மடங்கள் ஆகியன கணக்கெடுக்கப்பட்டன. அலகொலவெவவில், காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இரும்பு உருக்கிய உலைகள் அகழப்பட்டன. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவையின் கல்லறைகள் அதற்கும் முற்பட்டவை. ஆகவே காசியப்பன் வெறுங்காட்டை நகராக்கினான் அல்லன். உழவரும் கொல்லரும் துறவியரும் முன்னரே வாழ்ந்த நாட்டின் நடுவே அரச நகரைப் பதித்தான். நகரத்தின் தெற்கே கட்டப்பட்ட நெடிய அணையும் பெருங்குளமும் அரசனின் பொய்கைக்கு மட்டும் உரியனவல்ல, வயலுக்கும் உரியன.

ஒலிந்தஸின் உழவன் மதிலுக்குள்ளே வீடு கொண்டிருந்தான். சிகிரியாவின் உழவன் குளக்கட்டின் அடியிலே வாழ்ந்தான். அவனது வீடு மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் ஆனது. பாறையில் வெட்டு விட்டுச் செல்லும் வகையினதன்று. கிழக்குப் பகுதியின் பெரும்பரப்பு இன்னும் அகழப்படாமல் மரஞ்செடிகளின் கீழே கிடக்கின்றது. அங்கே ஒரு குயவனின் சூளையோ, ஒரு வணிகனின் கூடமோ வெளிப்படுமாயின், நகரம் என்னும் சொல்லுக்குச் சிகிரியாவில் என்ன பொருள் என்பதை மறுபடியும் ஆராய வேண்டியிருக்கும்.