காப்பீட்டுத் துறைப் பணிகள் (இந்தியா)

இந்தியாவில் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் சேரக்கூடிய காப்பீட்டுத் துறைப் பணிகள் இரு பெரும் வகைப்படும். ஒன்று, காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியராக மாதச் சம்பளத்தில் சேர்வது. மற்றொன்று, முகவராகத் தரகு (கமிஷன்) அடிப்படையில் தொழில் செய்வது. பேச்சு வழக்கில் இரண்டும் "இன்சூரன்ஸ் வேலை" என்றே குறிக்கப்படுகின்றன. ஆயினும் இவற்றுக்கிடையேயான வேறுபாடு பெரிது. முகவர் சட்டப்படி நிறுவனத்தின் ஊழியர் அல்லர்.

பின்னணி

1956 செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தொடங்கப்பட்டது. 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் ஆகியவற்றின் ஆயுள் காப்பீட்டு வணிகம் இதனுடன் இணைக்கப்பட்டது. பொதுக் காப்பீடு 1973 சனவரி 1 முதல் நாட்டுடைமையாகி, நான்கு நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் உள்ளது.

காப்பீட்டு ஒழுங்குமுறை வளர்ச்சி ஆணையச் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. அதுவரை இத்துறையில் வேலை என்றால் பெரும்பாலும் அரசு நிறுவன வேலையே. அதன் பின்னரே விற்பனைப் பிரிவில் பட்டதாரிகளைப் பெருமளவில் சேர்க்கும் வழக்கம் பரவியது.

முகவர் பணி

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இதற்குப் போதுமானவை. பயிற்சிக்குப் பின் ஐ.சி.-38 எனப்படும் தேர்வை எழுத வேண்டும். இதனைத் தமிழிலும் எழுதலாம். முன்பு ஆணையத்தின் பெயரில் உரிமம் வழங்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பின் நிறுவனமே முகவரை நியமிக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்கு மட்டுமே முகவராக இருக்கலாம். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிற்கும் தனி உடல்நலக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிற்கும் சேர்த்து முகவராக இருக்கத் தடையில்லை.

முகவரின் வருவாய் எவ்வாறு அமைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1938 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் வைத்திருந்த உச்சவரம்பின்படி, நீண்டகாலப் பாலிசியின் முதலாண்டுப் பிரீமியத்தில் 35 விழுக்காடும், அடுத்த இரு ஆண்டுகளில் 7.5 விழுக்காடும், பின்னர் 5 விழுக்காடும் தரகாக வழங்கலாம். ஆண்டுக்கு 20,000 ரூபாய் பிரீமியம் கொண்ட பாலிசியில் இவ்வீதப்படி முதலாண்டு 7,000 ரூபாய் கிடைக்கும். மறு ஆண்டு அது 1,500 ஆகும். நான்காம் ஆண்டு முதல் 1,000 ஆகும். 2023 ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் தரகு வீதத்தை, மொத்தச் செலவின வரம்புக்கு உட்பட்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் தீர்மானிக்கிறது. எனினும் முதலாண்டில் மிகுந்தும் பின்னர் குறைந்தும் வரும் பொதுவான போக்கு தொடர்கிறது.

புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்குதான். முதல் சில மாதங்களில் பெற்றோர், உறவினர், கல்லூரி நண்பர்கள் ஆகியோர் பெயரில் பாலிசிகள் சேர்கின்றன. வருவாயும் நன்றாகத் தோன்றுகிறது. அந்த வட்டம் தீர்ந்ததும் முதலாண்டுத் தரகு நின்றுவிடும். அறிமுகத்திற்காகப் பாலிசி எடுத்தவர்கள் இரண்டாம் பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் புதுப்பிப்புத் தரகும் வராது. பாலிசி எடுத்தவருக்கும் இழப்பே. தொடக்க ஆண்டுகளில் கைவிடப்படும் பாலிசியில், கட்டிய தொகை முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. உறவினரிடம் தேவையற்ற பாலிசியை விற்றவர் பணத்துடன் உறவையும் இழக்க நேரிடுகிறது. வாடிக்கையாளரைப் பிடிக்கத் தம் தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கமும் உண்டு. இது காப்பீட்டுச் சட்டத்தின் 41 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

மறுபுறம், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தவருக்குப் புதுப்பிப்புத் தரகு ஆண்டுதோறும் சேர்ந்து ஓய்வூதியம் போல் அமைகிறது. எல்.ஐ.சி. முகவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. அதன் உச்சவரம்பு 2023 இல் 3 இலட்சத்திலிருந்து 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

"நிதி ஆலோசகர்", "காப்பீட்டு ஆலோசகர்" போன்ற பெயர்களில் வரும் வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் முகவர் பணியையே குறிக்கின்றன. பதவியின் பெயரைக் காட்டிலும் நியமனக் கடிதத்தில் உள்ளதே முதன்மையானது: மாதச் சம்பளம் குறிப்பிடப்பட்டுள்ளதா, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் உண்டா, அல்லது தரகு வீதம் மட்டுமே உள்ளதா என்பன பார்க்கத்தக்கவை.

ஊழியர் பணிகள்

எல்.ஐ.சி.யின் உதவி நிர்வாக அதிகாரிப் பணிக்கு 21 முதல் 30 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளும் நேர்காணலும் நடைபெறும். அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் நிர்வாக அதிகாரிகளைத் தேர்வு மூலமே எடுக்கின்றன. விண்ணப்பத்தை ஏற்கலாமா, எந்தப் பிரீமியத்தில் ஏற்கலாம் என்று முடிவெடுத்தல், உரிமைக்கோரிக்கைகளைத் (கிளெய்ம்) தீர்த்தல், கணக்கு ஆகியன இவர்களின் வேலைகள்.

வளர்ச்சி அதிகாரி என்பது இடைப்பட்ட ஒரு பணி. இவருக்குச் சம்பளம் உண்டு. ஆனால் முகவர்களைச் சேர்த்து, அவர்கள் வழியே வணிகம் கொண்டுவர வேண்டும். இலக்கை எட்டாதவரின் ஊதியமும் பணியும் பாதிக்கப்படலாம். 2023 இல் எல்.ஐ.சி. 9,394 பயிற்சி வளர்ச்சி அதிகாரிப் பணியிடங்களை அறிவித்தபோது, அவற்றில் ஒரு பகுதியை முகவர்களுக்கென ஒதுக்கியது. அவ்வகையில் முகவர் பணி சம்பளப் பணிக்கு வழியாகவும் அமையக்கூடும். தனியார் நிறுவனங்களின் விற்பனை மேலாளர் பணிகளும் ஏறக்குறைய இத்தகையனவே.

தனித்தகுதிப் பணிகள்

காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி) இறப்பு வீதம், வட்டி, செலவு ஆகியவற்றைக் கொண்டு பிரீமியத்தையும் இருப்புத்தொகையையும் கணிப்பவர். 2006 ஆம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் கழகம் இதற்கான தேர்வுகளை நடத்துகிறது. நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே எழுதலாம் என்றாலும், அடுத்து வரும் தேர்வுகளை முடிக்கப் பல ஆண்டுகள் ஆவது இயல்பு. பலர் பணியில் இருந்தபடியே எழுதுகின்றனர். கணிதம், புள்ளியியல் பட்டதாரிகளுக்கு இது பொருத்தமானது.

விபத்து, தீ, வெள்ளம் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்தை மதிப்பிடுபவர் சர்வேயர். பொறியியல் பட்டம் போன்ற தகுதியுடன், மூத்த சர்வேயரிடம் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும்.

1955 இல் தொடங்கப்பட்ட, மும்பையிலுள்ள இந்தியக் காப்பீட்டுக் கழகம் லைசென்சியேட், அசோசியேட், ஃபெலோஷிப் என மூன்று படிநிலைகளில் தேர்வுகளை நடத்துகிறது. இவற்றில் தேறிய ஊழியர்களுக்குப் பல நிறுவனங்களில் பதவி உயர்வில் முன்னுரிமை உண்டு.