தவளைக் குளத்து ஓவியர்கள்

அக்டோபர் முழுவதும் தினம் ஒரு மைச்சித்திரம் என்பது 2009-ல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் தொடங்கிய பழக்கம். போன வருடம் நண்பர்கள் நான்கு பேரோடு நானும் இறங்கினேன். ஒன்பதாம் நாளே சலித்துவிட்டது. அப்போது மோனேயும் ரெனுவாரும் நினைவுக்கு வந்தார்கள்.

1869 கோடைக்காலம். பாரீசுக்கு அருகே சேன் ஆற்றில் லா கிரெனுயேர் என்ற குளியல் துறை. தவளைக் குளம் என்று பொருள்; பள்ளியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவுகிறது! இருவருக்கும் வயது 28. அருகருகே நின்று ஒரே காட்சியை வரைந்தார்கள். மோனேக்குத் தண்ணீரில் உடையும் வெளிச்சம்தான் முக்கியம். ரெனுவாரின் கண் மனிதர்கள் மேலும் அவர்கள் உடைகள் மேலும் போனது.

மோனே வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. கையில் காசில்லை. ரெனுவார் தன் பெற்றோர் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார். அவரும் ஒன்றும் வசதியானவர் இல்லை. வண்ணம் தீர்ந்ததும் மோனேயின் வேலை நின்றுபோனது. உதவி கேட்டு நண்பர் பசீலுக்குக் கடிதம் எழுதினார். தான் போட்டவை மட்டமான முன்வரைவுகள் என்று அதில் அவரே சொல்லிக்கொண்டார். அவர் அங்கே வரைந்தவை இன்று நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ரெனுவாருடையது ஒன்று ஸ்டாக்ஹோமில்.

என் மேசையில் மைப்புட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. பத்தாம் நாள் படத்துக்கு உட்கார்ந்தேன்.