தலைமையும் கணக்கும்

அதிகாரம் ஒருவனுக்கு வந்தெய்துதல் அரிதன்று. வந்த அதிகாரத்தை அளவோடு செலுத்தி, உரிய காலத்தில் கணக்கொப்பித்து இறங்குதலே அரிது. இவ்வுண்மையைச் சரித்திரத்தின்கண் யாண்டுங் காணலாமாயினும், நம் நாட்டுச் சாஸனம் ஒன்று இதனை விளக்குமாறு வேறெதுவும் விளக்குவதாக நமக்குத் தோன்றவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919லும், மற்றொன்று 14ஆம் ஆண்டாகிய 921லும் பொறிக்கப்பட்டன. அரசன் ஆணைப்படி அதிகாரி உடனிருக்க, ஊர் மகாசபையார் தாமே செய்துகொண்ட வியவஸ்தை இது. முதலில் வாரியத்தார்க்கு வயதெல்லை 30 முதல் 60 என வகுத்தனர். இரண்டாண்டுக்குள் அதனை 35 முதல் 70 என மாற்றினர். தாம் செய்த விதியைத் தாமே ஆராய்ந்து திருத்தியது அவர்தம் பெருமையாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூது வாது அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எல்லோருங் காண எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். கைம்மறைவுக்கு அங்கே இடமில்லை. இவ்வாறு ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமைந்தனர். இதனை இக்காலத்து வாக்களிப்போடு ஒன்றென மயங்கலாகாது. இது திருவுளச்சீட்டு முறையேயாம்.

வாரியப் பதவி 360 நாள் அளவினதே. அதன் நடுவிலும் குற்றங் காணப்பட்டோன் அப்பொழுதே நீக்கப்பட்டான். முன் மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தோர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். இவற்றினும் கூர்மையான விதி ஒன்றுண்டு: வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் என்றும் தகுதியிழந்தான், அவனோடு அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் முதலிய உறவினரும் தகுதியிழந்தனர். குற்றமில்லா உறவினரையும் விலக்குதல் கொடிதெனச் சிலர் கருதக்கூடும். ஆனால், தான் இருந்த ஆசனத்தில் தன் மைத்துனனை இருத்திப் பழங்கணக்கை மறைப்பது எத்துணை எளிதென்பதை அச்சபையார் நன்கறிந்திருந்தனர் போலும்.

இவ்வேற்பாட்டில் குறையில்லை என்பேமல்லேம். அது பிரமதேயமாதலின், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே குடவோலையில் இடமிருந்தது. பெண்டிரும், அவ்வூரில் உழுது பாடுபட்ட ஏனையோரும் புறத்தே நின்றனர். பழம்பெருமை பேசுவார் இதனை மறைத்தல் நேர்மையாகாது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கி அக்கதவைத் திறந்தது.

எனினும் உத்தரமேரூரார் கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை. உறவினர் பலர் கூடி நடத்தும் சங்கங்கட்கு அது மிகவும் உரியது. அங்கே கணக்குக் கேட்பவன் பகைவனாக எண்ணப்படுகிறான். கேளாதவன் நல்லவனெனப் பெயர் பெறுகிறான். இத்தாட்சண்ணியத்தால் பாழ்படுவது பிள்ளைகளின் கல்விக்கென ஏழைகள் கொடுத்த காசேயன்றோ? ஆதலின், அன்பர்களே, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர்தம் குலப்பெருமையையும் பேச்சுவன்மையையும் பின்னர்ப் பார்ப்போம். முன்னைக் கணக்கை ஒப்பித்தாரா என்பதை முதலிற் கேட்போமாக.